ஆண்டுத் திட்டத்துக்கு முன் வியூகம்: சிறு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்ச் சிறு நிறுவனங்கள் பலவற்றில் ஒரே காட்சிதான். சென்ற ஆண்டின் விற்றுமுதலை எடுத்து, அதன்மேல் இருபது விழுக்காட்டைக் கூட்டி, வந்த தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாத இலக்கு என்று எழுதிவிடுகிறார்கள். வாங்கப்போகும் இயந்திரத்தின் கொட்டேஷனைப் பின்னால் இணைத்து, முதல் பக்கத்தில் முன்னணி நிறுவனமாக வளர்வதே குறிக்கோள் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் திட்டம் தயார். வங்கிக் கடனுக்குப் போகும் இத்தகைய அறிக்கைகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழிலின் ஒரு பகுதி. அவற்றில் பலவற்றில் முதலாளியின் பெயரையும் பொருளின் பெயரையும் மாற்றிவிட்டால் அதே அறிக்கையை அடுத்த தெருவில் இருக்கும் வேறொரு நிறுவனத்துக்கும் கொடுத்துவிடலாம். யார் வாங்குவார், பக்கத்துக் கடையை விட்டுவிட்டு நம்மிடம் ஏன் வருவார், நாம் எதைச் செய்யப்போவதில்லை என்ற மூன்று கேள்விகளுக்கு அந்தத் தாள்களில் எங்கு தேடினாலும் விடை கிடைப்பதில்லை.

அந்த விடைகளைத்தான் இங்கே வியூகம் என்று குறிப்பிடுகிறேன். திட்டம் அதற்குப் பிறகு வருவது; எந்த மாதம், எவ்வளவு பணம், யார் பொறுப்பு என்பதை அது சொல்லும். உத்தி என்பது இன்னும் சிறியது. களத்தில் அன்றன்றைக்குக் கையாளும் வழி. செய்தித்தாள்களில் இந்த மூன்று சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றிப் புழங்குகின்றன, அதில் தவறில்லை. ஆனால் திட்டமிட உட்காரும்போது மூன்றையும் பிரித்துப் பார்க்காவிட்டால், தீபாவளித் தள்ளுபடியையே நிறுவனத்தின் வியூகம் என்று நம்பிவிடும் ஆபத்து உண்டு.

கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலுடன் ஷாம்பு தொழிலில் தனியாக இறங்கிய கதையில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். பெரிய நிறுவனங்கள் பாட்டிலை வைத்துக்கொண்டு நகரத்து வீடுகளைக் குறிவைத்தபோது, பாட்டில் வாங்கக் கையில் காசு இல்லாத, ஆனால் ஒரு தடவைக்கான பொட்டலத்தை வாங்கக்கூடிய மக்களை அவர் தேர்ந்தெடுத்தார். அது வியூகம். எந்த நிறுவனத்தின் காலிப் பொட்டலமாக இருந்தாலும் ஐந்தைக் கொண்டுவந்தால் தன் தயாரிப்பான சிக் ஷாம்பு ஒன்று இலவசம் என்று அறிவித்ததும், பிறகு சிக் பொட்டலங்களை மட்டுமே ஏற்போம் என்று அதை மாற்றியதும் உத்திகள். முதல் கட்டம் மற்றவர்களின் வாடிக்கையாளரைக் கைக்குக் கொண்டுவந்தது, இரண்டாம் கட்டம் அவர்களைக் கடையில் சிக் என்று பெயர் சொல்லிக் கேட்க வைத்தது. பொட்டல விலையில் வாங்குபவர் யார் என்பது முதலில் முடிவாகியிருக்காவிட்டால், அந்தச் சலுகை வெறும் இலவச விநியோகமாகவே முடிந்திருக்கும்.

ஒரு தேர்வு மற்ற எல்லாவற்றையும் எப்படி இழுத்துச் செல்கிறது

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வியூகத்தின் வேலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிறுவனம் நம் பக்கத்தில் குறைவு. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது அவருடைய குறிக்கோள். குறிக்கோள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது வியூகமாகிவிடாது. அதே குறிக்கோளுடன் தொடங்கி, நன்கொடை வற்றியதும் நின்றுபோகும் அறநிலையங்களை நாம் பார்க்காமல் இல்லை.

கண்புரை நோயாளிகள் கணக்கில்லாமல் இருந்தார்கள், அறுவை செய்யத் தெரிந்த மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று கண்டுகொண்ட பிறகு, மருத்துவரின் கை மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்குத்தான் செலவாக வேண்டும் என்பது தேர்வாயிற்று. முதல்கட்டப் பரிசோதனை, அறுவைக்கு நோயாளியைத் தயார்செய்தல், பிந்தைய கவனிப்பு போன்ற வேலைகளுக்குக் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். அறுவை அறையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேசைகள் போடப்பட்டன. ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார், முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் அப்படியே திரும்பி அடுத்ததைத் தொடங்குவார். ஒரு நாளில் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஓர் அறுவைக்கு ஆகும் செலவு இறங்கியது. கட்டணம் செலுத்தக்கூடியவர்கள் தந்த பணத்தைக் கொண்டே செலுத்த முடியாதவர்களுக்கும் சிகிச்சை கொடுக்க முடிந்தது. அத்தனை மேசைகளுக்கும் நோயாளிகள் வேண்டுமே என்பதற்கு ஊர் ஊராக நடந்த கண் முகாம்கள் விடையாயின. வெளிநாட்டிலிருந்து வந்த, அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் வில்லை ஒன்று 100 டாலரை ஒட்டிய விலையில் இருந்து இந்தக் கணக்கையே கவிழ்க்கப் பார்த்தபோது, 1992-இல் ஆரோலேப் என்ற ஆலையை அமைத்துத் தாங்களே வில்லை தயாரித்து, விலையைப் பத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறக்கினார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கண்ணியை உருவிவிட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். முகாம் இல்லையென்றால் இரண்டாவது மேசை காலியாகக் கிடக்கும், பயிற்சி பெற்ற பெண்கள் இல்லையென்றால் அந்த மேசையில் நோயாளியைத் தயார்செய்ய ஆள் இருக்காது, வில்லை மலிவாகக் கிடைக்காவிட்டால் கட்டண நோயாளியின் பணம் இலவச நோயாளிவரை வந்து சேராது. அரவிந்த் தன் முறைகளை ஒளித்து வைக்கவில்லை. பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே ஒரு தனி நிறுவனம் வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் அதைப் பார்த்து அப்படியே செய்வது எளிதல்ல, ஏனென்றால் இரண்டாவது மேசையை வாங்கிப் போடுவது ஒரு நாள் வேலை, அந்த மேசைக்கு நோயாளியைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாட்டுக்கு ஆண்டுகள் பிடிக்கும். நீங்கள் வகுத்த வியூகத்தைச் சோதிக்கவும் இதே வழியைப் பயன்படுத்தலாம்: அதிலிருந்து ஒரு முடிவை எடுத்துவிட்டால் மற்ற முடிவுகள் ஆட்டம் காண்கின்றனவா என்று பாருங்கள். எதுவும் அசையவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது தொடர்பில்லாத பத்து வேலைகளின் பட்டியல்.

முதலில் பழைய பில்கள், பிறகு கனவு

தொடங்க வேண்டிய இடம் பழைய விற்பனை பில்களின் கட்டு. கடந்த 24 மாத விற்பனையை வாடிக்கையாளர்வாரியாக ஓர் எக்செல் தாளில் இறக்குங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே நான்கு எண்கள் போதும்: விற்ற தொகை, அதில் பொருளின் அடக்க விலை போக மிஞ்சியது, பணம் வந்து சேர எடுத்த நாட்கள், திரும்பி வந்த சரக்கு. முதல் எண்ணை முதலாளிகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்றாவது எண்ணைக் கேட்டால் கணக்கரைத் திரும்பிப் பார்ப்பார்கள். பெரிய ஆர்டர் தருகிறார் என்று தீபாவளிக்கு முதல் இனிப்புப் பெட்டி யாருக்குப் போகிறதோ, அவர்தான் நம் பணத்தை அதிக நாள் வைத்திருக்கிறார் என்பது இந்தத் தாளில்தான் முதன்முதலாகக் கண்ணில் படும்.

அடுத்து பத்து வாடிக்கையாளர்களிடம் நேரில் பேசுங்கள். அவர்களில் பாதிப் பேர் நம்மிடம் வாங்குவதை நிறுத்திவிட்டவர்களாக இருக்க வேண்டும். பொருள் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். இதற்கு முன் எங்கே வாங்கினீர்கள், இப்போது எங்கே வாங்குகிறீர்கள், கடைசியாக வாங்கிய அன்று என்ன நடந்தது என்று நடந்ததைக் கேட்டால் நடந்ததே விடையாக வரும்.

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பும் வழக்கம் ஒன்று உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் பலம் என்ற கட்டத்தில் தரம் என்றும் அச்சுறுத்தல் என்ற கட்டத்தில் போட்டி என்றும் எழுதி முடித்துவிடும் தாள்களால் எந்த முடிவையும் எடுக்க முடியாது. அந்தக் கட்டங்களில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பில்லோ, வாடிக்கையாளர் சொன்ன ஒரு வாக்கியமோ சான்றாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், பாதி வரிகள் தாமாகவே உதிர்ந்துவிடும். மிஞ்சியதிலிருந்து சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். விற்பனை குறைவு என்பது காய்ச்சல் அடிக்கிறது என்பதைப் போன்றது; அது எதனால் வந்தது என்பதைச் சொல்லும் வாக்கியம்தான் இங்கே வேண்டியது.

தேர்வு: ஒரு செக்கு எண்ணெய்க் கணக்கு

இதை ஒரு சிறிய மரச்செக்கு நிறுவனத்தை வைத்துச் செய்து பார்ப்போம். கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

எள் கிலோ 150 ரூபாய் என்றால் 100 கிலோவுக்கு 15,000. ஆட்டும்போது சேர்க்கும் வெல்லம் 600, கூலி, மின்சாரம், பாட்டில் எல்லாம் சேர்த்து 1,200. மொத்தம் 16,800. கிடைக்கும் புண்ணாக்கை 55 கிலோ என்று வைத்துக் கிலோ 40-க்கு விற்றால் 2,200 திரும்பி வரும். மீதி 14,600 ரூபாய்க்கு ஏறக்குறைய 43 லிட்டர் நல்லெண்ணெய், அதாவது லிட்டருக்கு 340 ரூபாய் அடக்கம்.

விற்க இரண்டு வழிகள் இருக்கின்றன. கடைகளுக்கு லிட்டர் 370 என்று கொடுத்தால் 30 ரூபாய் நிற்கும், பணம் வர 45 நாள் ஆகும், ஆனால் மாதம் 1,500 லிட்டர் ஓடும். வீடுகளுக்கு நேரடியாக 420 என்று கொடுத்தால், கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு 15 போக லிட்டருக்கு 65 ரூபாய் நிற்கும். மாதம் 2 லிட்டர் வாங்கும் 450 குடும்பங்களைப் பிடிக்க முடிந்தால் 900 லிட்டர். முதல் வழியில் மாத மிச்சம் 45,000, இரண்டாவதில் 58,500. இதோடு கணக்கு முடியவில்லை. கடை வழியில் எப்போதும் 45 நாள் விற்பனையான 2,250 லிட்டருக்கான பணம், அதாவது 8,32,500 ரூபாய், வெளியே நிலுவையில் நிற்கும். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றால் அதற்கு மட்டும் மாதம் 8,325 போய்விடும்.

செக்கின் பக்கம் திரும்புங்கள். ஒரு தடவைக்கு 15 கிலோ போட்டு ஆட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று கொள்வோம். 1,500 லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,500 கிலோ எள் ஆட்ட வேண்டும். 26 வேலை நாளில் அதை முடிக்க நாளொன்றுக்கு ஒன்பது தடவை ஆட்ட வேண்டியிருக்கும். துடைத்துச் சுத்தம் செய்யும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு செக்கால் ஒரே ஷிப்டில் ஆகாது, இரண்டாவது செக்கு வாங்கியாக வேண்டும், அதற்குக் கடன் வேண்டும். 900 லிட்டருக்கு 2,100 கிலோதான். நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை ஆட்டினால் இருக்கும் செக்கே போதும்.

இரண்டாவது செக்குக்கான கொட்டேஷனோடு தொடங்கியிருக்கக்கூடிய திட்டம், வாடிக்கையாளர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் அந்தச் செக்கே தேவையில்லாத திட்டமாகிவிடுகிறது. வியூகம் முதலில் வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கடைகளிடம் நிலுவையாக நின்றிருக்கக்கூடிய எட்டேகால் லட்சத்தைக் கொண்டு அறுவடைக் காலத்தில், விலை இறங்கியிருக்கும்போது, எள்ளாக வாங்கி நம் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம். ஆட்டிய தேதியைப் பாட்டிலில் அச்சிடலாம். கடை அலமாரியில் பல வாரம் நிற்கும் பாட்டிலில் அந்தத் தேதியைப் போட யாரும் துணியமாட்டார்கள். இங்கேயும் ஒரு முடிவு அடுத்த முடிவைக் கையைப் பிடித்து அழைத்துவருகிறது.

எல்லோருக்கும் வீட்டு வழிதான் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. சிறிய ஊரில் 450 குடும்பங்களைப் பிடிப்பது எளிதான காரியமும் அல்ல. ஏற்கெனவே இரண்டு செக்கும், கடை கடையாக ஏறி வசூலிப்பதில் தேர்ந்த ஒருவரும் இருக்கும் நிறுவனத்துக்குக் கடை வழி பொருந்தலாம். இரண்டையும் அரைகுறையாகச் செய்வதுதான் பெரும்பாலும் கையைச் சுடும், ஏனென்றால் 420-க்கு வீட்டில் வாங்குபவர் அதே பாட்டிலைக் கடையில் 400-க்குப் பார்த்த அன்றே நம்மை விட்டுவிடுவார்.

விடுவதையும் எழுதி வையுங்கள்

தேர்வு முடிந்ததும் அதே தாளில், இந்த ஆண்டு செய்யப்போவதில்லை என்று தலைப்பிட்டு ஐந்தாறு வரிகள் எழுதுங்கள். நம் செக்கு நிறுவனத்துக்கு அது இப்படி இருக்கலாம்: கடைகளுக்குப் புதிதாகக் கணக்குத் திறப்பதில்லை, ஓட்டல்களின் மொத்த ஆர்டர் ஏற்பதில்லை, மசாலாப் பொடி, தேன் என்று சில்லறைப் பொருட்களைச் சேர்ப்பதில்லை, இரண்டாவது செக்கு வாங்குவதில்லை. எழுதும்போது இது மிகையாகத் தோன்றும். ஆகஸ்ட் மாதம் சொந்தக்காரர் ஒருவர் தன் ஓட்டலுக்கு மாதம் 200 லிட்டர், விலை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் மாப்பிள்ளை என்று கேட்கும்போது, எழுதி வைத்த அந்தத் தாள்தான் காப்பாற்றும். குடும்ப நிறுவனங்களில் இந்தத் தாளில் அண்ணன் தம்பி எல்லோரும் கையெழுத்துப் போடுவது நல்லது. இல்லையென்றால் ஒருவர் மறுத்த ஆர்டரை இன்னொருவர் சாயங்காலம் போனில் ஏற்றுக்கொண்டிருப்பார்.

இதற்குப் பிறகுதான் நாள், தொகை, பொறுப்பு

இப்போது ஆண்டுத் திட்டத்தை எழுதுவது எளிது, அதை விரைவாகவே முடித்துவிடலாம். ஒவ்வொரு வரியிலும் ஒரு வேலை, ஒரு தேதி, ஒரு தொகை, ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும். ஜூன் 15-க்குள் 6 டன் எள் கொள்முதல், 9 லட்சம் ரூபாய், பொறுப்பு தம்பி என்பது ஒரு வரி. ஜூலை முடிவதற்குள் 150 குடும்பங்கள், பொறுப்பு மருமகள் என்பது இன்னொரு வரி. இரண்டு பெயர் எழுதிய வேலையைப் பெரும்பாலும் யாரும் செய்யமாட்டார்கள். வியூகத்தோடு சேராத வரி ஏதாவது இருந்தால், அது எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் அடித்துவிடுங்கள் அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள்.

நம்பியிருப்பது எது என்பதை எழுதுதல்

ஒவ்வொரு வியூகமும் சில அனுமானங்களின்மேல் நிற்கிறது, அவற்றைப் பலர் எழுதி வைப்பதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, ஆர்டர் புத்தகம் நிறைந்திருந்த பின்னலாடை நிறுவனங்களும் சாயமேற்ற இடமில்லாமல் தவித்தன. நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் கலப்பதைப் பற்றிய வழக்கு பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாத செய்தியல்ல. சாயமேற்றும் வேலை எப்போதும் பக்கத்திலேயே கிடைக்கும் என்ற அனுமானம் திட்டத் தாளில் ஒரு வரியாக எழுதப்படாவிட்டால், அது ஆட்டம் காண்கிறது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியபோது, அதை நம்பி நடந்த பக்கத்து நிறுவனங்களுக்கும் இதே நிலைதான். ஒரே வாடிக்கையாளரை நம்புவது சில வேளைகளில் சரியான தேர்வாகவே இருக்கலாம். அதை ஓர் அனுமானமாக எழுதி, மாதந்தோறும் அதன்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

செக்குக் கணக்குக்கே திரும்பினால், எள் விலை 170-ஐத் தொட்டால் அடக்கம் 386 ஆகி, வீட்டு விற்பனையில்கூட லிட்டருக்கு 19 ரூபாய்தான் மிஞ்சும். 190 ஆனால் அடக்கமே 433. 420-க்கு விற்கும் ஒவ்வொரு பாட்டிலும் கையிலிருந்து போகும். எனவே, எள் 165-ஐத் தாண்டினால் அந்த வாரமே விலையை மறுபரிசீலனை செய்வது என்று இப்போதே எழுத வேண்டும். செப்டம்பர் முடிவில் 200 குடும்பங்கள்கூடச் சேரவில்லை என்றால் வீட்டு வழியையே மறுபடி கூடிப் பேசுவது என்பதையும் எழுத வேண்டும். வியூகம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வரும் அபிமன்யுவுக்கு உள்ளே நுழையும் வழி தெரிந்திருந்தது, வெளியேறும் வழி தெரியாது. போட்ட முதல் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும்போது விலகும் முடிவை யாராலும் நிதானமாக எடுக்க முடியாது. அதனால்தான் எண்ணும் தேதியும் முன்கூட்டியே தாளில் இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். கூட்டத்தில் முதலில் அனுமானங்களைப் படியுங்கள், பிறகு செய்யப்போவதில்லை என்ற பட்டியலை, அதற்குப் பிறகு விற்பனை எண்களை. இந்த வரிசையை மாற்றி விற்பனையிலிருந்து தொடங்கினால், அந்த ஒரு மணி நேரமும் யார் வசூலுக்குப் போகவில்லை என்ற விசாரணையிலேயே முடிந்துவிடும், எள் விலை 168-க்கு வந்திருப்பதைச் சொல்ல நினைத்த தம்பி அதைச் சொல்லாமலே எழுந்து போய்விடுவார்.